சுவார்ட்ஸ் ஐயர் கற்ற வழி

அயன்மொழி பயிலும் மாணாக்கர்க்குச் சொல்வளம் வாய்ப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்குச் சேதுநாட்டுத் தலைநகராம் இராமநாதபுரத்துப் பள்ளியொன்று தன் பெயரிலே தாங்கி நிற்கும் பெரியாரது வாழ்க்கை தக்க விடையாகும். அவரே சுவார்ட்ஸ் ஐயர்.

இவர் 1726-ஆம் ஆண்டில் பிரஷிய நாட்டுச் சொன்னென்பர்க்கு என்னும் ஊரிற் பிறந்தார். ஹாலே நகரிற் கல்வி பயில்கையில், தமிழகத்தினின்று மீண்டிருந்த ஷூல்ட்ஸ் ஐயரிடம் தமிழின் தொடக்கங்களைக் கற்றார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சில திங்களுள் தமிழிற் பிரசங்கஞ் செய்தார். மேடையேறப் போதுமான தமிழ், மக்கள் நெஞ்சம் புகுதற்குப் போதாதன்றோ? ஆதலின் ஐந்தாண்டுகள் தமிழ்ப் புராணக் கதைகளைப் பொறுமையுடன் பயின்றார். அவற்றின் கொள்கைகள் அவர்க்கு உடன்பாடல்ல. அப்படிப்பும் அவர்க்கு இனிதாயிருந்ததில்லை. எனினும் பயன் பெரிதாயிற்று. கேட்போர் நன்கறிந்த கதையொன்றை அவர் சுட்டிய அளவிலே அவர்கள் செவி சாய்த்தனர்.

போர்த்துக்கேயம், பாரசீகம், இந்துஸ்தானி, மராட்டியம் முதலியவற்றையும் அவர் கற்றார். அம்மொழியறிவும் நேர்மையும் கருதியே 1779-இல் கும்பினியார் அவரை ஹைதர் அலியிடம் தூதனுப்பினர்.

அந்நாளிற் குடிகளுக்கும் கும்பினியார்க்கும் இடையே துபாஷிகளே நின்றனர். துபாஷி திரித்துரைப்பின், ஆங்கிலம் அறியாதான் அதனை அறிதற்கும் வழியில்லை. இக்குறை நீங்க, தஞ்சை ரெசிடெண்டாகிய சல்லிவன் துரை ஆங்கிலப் பள்ளிகள் நிறுவக் கருதினார். ஐயர் அதனை முன்னின்று நடத்த, 1785-இல் இராமநாதபுரத்திலும், அக்காலத்தையொட்டித் தஞ்சையிலும் சிவகங்கையிலும் பள்ளிகள் எழுந்தன. 1787-இல் கும்பினி இயக்குநர் பள்ளி ஒவ்வொன்றிற்கும் ஆண்டுக்கு 250 வராகன் அளிக்க இசைந்தனர். பிற்காலத்தில் இராமேசுவரத்து அப்துல் கலாம் பயின்றதும், அந்நகரில் ஐயர் பெயர் தாங்கிய பள்ளியிலேயே.

1798-ஆம் ஆண்டு பெப்ருவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையில் மறைந்தார். அவரது பாதுகாப்பில் வளர்ந்து ஆங்கிலம் கற்ற சரபோஜி மன்னர், தாமே இயற்றிய ஆங்கிலச் செய்யுளை அவரது கல்லறையிற் பொறிப்பித்தார்.

ஆங்கிலச் சொற்களை நிரல்படுத்தி நெட்டுருச் செய்யும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. தனித்து நின்ற சொல் தேர்வு முடிந்ததும் அகலும். கதையினுள்ளே கண்ட சொல்லோ, அதனைச் சொன்னார் முகத்தோடும் அது பிறந்த இடத்தோடும் நெஞ்சில் நிலைபெறும். வேற்று நாட்டார் நம் கதைகளைக் கற்று நம்மொழி பேசினர். நாமும் அவர்தம் கதைகளைப் படித்தன்றோ அவர்மொழி பேசுதல் வேண்டும்!