ஊக்கு தந்த உத்தமர்

குரங்கணி மலைச்சரிவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் தாலிக் கயிற்றில் ஊக்கு தொங்குவதைக் காணலாம். முள் எடுக்கவும், சங்கிலிக் கொக்கி கழன்றால் மாட்டவும் அதுவே துணை. அதை உலகுக்கு அளித்தவர் யார் தெரியுமா? வால்டர் ஹண்ட் என்ற அமெரிக்கர்!

1796-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்த ஹண்ட், மூளை வளம் மிக்கவர். 1830-களில் தையல் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். கையால் தைத்துப் பிழைக்கும் பெண்களின் வாயில் மண் விழுமே என்று மகள் வருந்தவே, அதற்குக் காப்புரிமை கோராமல் விட்டுவிட்டார் என்பர்.

1849-ல் 15 டாலர் கடன் அவரை வாட்டியது. யோசித்தபடியே ஒரு கம்பியை முறுக்கினார். அந்நாளைய குண்டூசி கழன்று விழும், விரலையும் குத்தும். ஹண்ட் கம்பியின் நடுவை வட்டமாகச் சுருட்டினார். அது வில்போல் விறைத்துக் கூர்முனையை உந்த, மறுமுனையிலிருந்த கொண்டி அதைப் பற்றி மூடிக்கொண்டது. இழுத்தால் கழலாது, அழுத்தினால் திறக்கும்!

ஏப்ரல் 10-ந் தேதி காப்புரிமை பதிவாயிற்று. அவரோ உரிமையை 400 டாலருக்கு விற்றுக் கடனை அடைத்துவிட்டார். பின்னால் குவிந்த லாபமெல்லாம் பிறருக்கே!

1859-ல் ஹண்ட் மறைந்தார். கடன் தீர்க்கச் செய்த கம்பி, இன்றும் பெண்களின் கழுத்தில் காவல் நிற்கிறது.