கீர்த்தியும் ஆட்சியும்
எம். ஜி. இராமச்சந்திரனார் சரித்திரம் உணர்த்துவது

உலகில் ஒருவர்க்குக் கீர்த்தி வரும் வழிகள் பல. கல்வியால் வருவதுண்டு, கொடையால் வருவதுண்டு, வீரத்தால் வருவதுண்டு. இவையனைத்தினும் விரைந்து வருவது சினிமாவால் வரும் கீர்த்தியே. அக்கீர்த்தி பெற்றார் நாடாளும் பொறுப்பையும் ஏற்கலாமா என்னும் கேள்வி நம் சங்கத்து இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. ஏற்கலாம் என்பார் ஒரு சாரார். வேஷம் போடுவோர்க்கு ஆட்சியில் என்ன வேலை என்பார் மற்றொரு சாரார். முதியோர் சிலரோ, நடிகரோ அல்லரோ, நம்மவரா என்பதே கேள்வி எனச் சொல்லி வாதத்தை முடித்துவிடுகின்றனர்.

வெறும் வாதத்தால் இதற்கு முடிவு காண்டல் அரிது. வாழ்ந்து காட்டிய ஒருவரது சரித்திரத்தை ஆதியோடந்தமாக நோக்கின் உண்மை ஒருவாறு விளங்கும். அதற்கு நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் காட்டுப்பாக்கத்தினின்று பரங்கிமலை நோக்கிச் செல்லும் சாலையில், போரூரைக் கடந்து சிறிது தூரம் போனால் இராமாவரம் வரும். அங்கே ஒரு தோட்டவீட்டில் வாழ்ந்து, தமிழ்நாட்டின் முதன்மந்திரியாகவே மறைந்த எம். ஜி. இராமச்சந்திரனார் சரித்திரத்தையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

இவர் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் கோபாலமேனன், தாயார் சத்தியபாமா. முன்னோர் மலையாள நாட்டினர். இவர் சிறு குழந்தையாயிருக்கும்போதே தந்தையார் காலஞ்சென்றார். அம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமை மிகுந்தமையால் பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. தமையனார் சக்கரபாணியும் இவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்னும் பாலர் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தனர். பிள்ளைக்கு இருவேளைச் சோறு கிடைக்கும் என்னும் ஒன்றே அக்காலத்து ஏழைத் தாய்மாரைத் தம் மக்களை இத்தகைய கம்பெனிகளில் விடச் செய்தது. பசி என்பது இவர்க்கு ஏட்டிற் படித்த செய்தியன்று.

1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதி என்னும் படத்தில் ஒரு சிறு வேஷம் கிடைத்தது. அதன்பின் பதினோராண்டு சிறு வேஷங்களிலேயே கழிந்தன. 1947இல் வெளிவந்த ராஜகுமாரியில்தான் கதாநாயகராயினார். 1954இல் வந்த மலைக்கள்ளன் பெரும்புகழ் தந்தது. 1958இல் நாடோடி மன்னன் என்னும் படத்தைத் தாமே தயாரித்து இயக்கி, மன்னனாகவும் மன்னன் இடத்தில் அமரும் ஏழை மகனாகவும் இரட்டை வேஷம் தாங்கினார். திரையில் இவர் மதுவைத் தொடார், புகை பிடியார், தாயை இகழார், எளியோரைக் கைவிடார். பார்ப்போர் வேஷத்தையும் மனிதரையும் பிரித்துப் பாராராயினர். இவர்க்கு வந்த பலம் அனைத்திற்கும் இதுவே வேர். பின்னர் விளைந்த தீங்கு சிலவற்றிற்கும் இதுவே வேர்.

நிற்க. இவர் திரையினின்று நேரே கோட்டைக்குச் சென்றவர் என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 1953இல் அறிஞர் அண்ணாவின் தலைமையை ஏற்றுத் திராவிட முன்னேற்றக் கழகத்திற் சேர்ந்தார். கட்சியால் படத்திற்கும், படத்தால் கட்சிக்கும் பலன் உண்டாயிற்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஊர்தோறும் மேடை ஏறிக் கட்சிப்பணி செய்தார். 1962 முதல் 1964 வரை மேற்சபை அங்கத்தினராயிருந்தார். 1967 ஜனவரி 12ஆம் நாள், இராமாவரம் இல்லத்தில் நடிகர் எம். ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு இவர் கழுத்திற் பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் மட்டும் பண்டைத் தெளிவை என்றும் மீளப் பெறவில்லை. கழுத்திற் கட்டோடு ஆஸ்பத்திரியிற் படுத்திருந்த படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் நமக்கு அயலதாகிய பரங்கிமலைத் தொகுதியில் வென்று சட்டசபை புகுந்தார். 1969இல் அண்ணா மறைந்தபின் கட்சியின் பொருளாளராயினார்.

1972இல் கட்சிப் பொறுப்பிலுள்ளார் தம் சொத்துக் கணக்கை வெளியிடல் வேண்டும் என்று பொதுமேடையிற் கேட்டார். அதன் விளைவாகக் கட்சியினின்று நீக்கப்பட்டார். அக்டோபர் 17ஆம் நாள் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்கள் ஒரே இரவிற் கட்சிக்கிளைகள் ஆனாற்போல் ஆயின. 1973 மே மாதத்தில் திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தலில் அப்புதுக்கட்சி வென்றது. 1977 ஜூன் தேர்தலில் 234 இடங்களில் 130 பெற்று, அம்மாதம் 30ஆம் நாள் இவர் முதன்மந்திரியாயினார். அப்போது வயது அறுபது. கட்சிப்பணியிற் புகுந்து இருபத்து நான்கு ஆண்டு சென்றிருந்தன.

ஈண்டு நம் சங்கத்தார் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. இத்தமிழ்நாட்டில் இவர்க்கெனத் தலையெண்ணிக்கை காட்டும் சாதிக்கூட்டம் ஏதுமில்லை. இருந்தும் எல்லாச் சாதியாரும் வாக்களித்தனர். தொகுதிதோறும் நம்மவர் இத்தனை, பிறர் இத்தனை என்று சங்கங்கள் போட்ட கணக்கு இவர்முன் செல்லவில்லை. ஒரு வீட்டில் தந்தையார் சங்கத்தார் சொற்படியும், தாயாரும் மக்களும் தம் உள்ளத்தின்படியும் வாக்களித்த செய்தி நம் முதியோர் அறிந்ததே. முகத்தைப் பார்த்து வாக்களித்தனர் என்று அவர்களை நாம் குறை கூறினோம். பிறப்பைப் பார்த்து வாக்களியுங்கள் என்று அவர்களிடம் நாம் சொல்லிக்கொண்டிருந்ததை மறந்தோம்.

இனி ஆட்சியை நோக்குவோம். குணமாவன முதலிற் கூறுவாம். 1982 ஜூலை 1ஆம் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. கிராமத்துச் சிறு பிள்ளைகட்கு நாடோறும் நண்பகல் உணவு. அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்கட்கும், 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் அது விரிந்தது. காமராசர் தொடங்கிய மதிய உணவை இது பெரிதும் பெருக்கிற்று. கையிருப்பு இடங்கொடாது என்று எச்சரித்தோர் பலர். கும்பகோணத்துப் பசியை மறவாதவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சமைக்கும் வேலை ஆதரவற்ற மகளிர் பலர்க்குப் பிழைப்புமாயிற்று. நம் குடும்பங்களிலும் அச்சோறு உண்டு படித்து உத்தியோகம் பெற்றோர் உளர். அதனைச் சொல்ல நாணுதல் தகாது.

1980இல் கிராமங்களின் பரம்பரைக் கர்ணம், மணியப் பதவிகளை நீக்கினார். தந்தைக்குப்பின் மகன் என்பது போய், பரீட்சை எழுதித் தேறியவரே கிராம நிர்வாக அதிகாரி என்னும் முறை வந்தது. பிறப்பால் வந்த பதவி தகுதியால் வரும் பதவியாயிற்று. 1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 1984இல் மகளிர்க்கெனக் கோடைக்கானலில் அன்னை தெரசா பல்கலைக்கழகமும் தோன்றின.

குற்றமாவன கூறாதொழியின் சரித்திரம் புராணமாகிவிடும். திரையில் மதுவைத் தொடாத நாயகரின் ஆட்சி, மதுவிலக்கைச் சில ஆண்டு காத்து, 1981இல் கள்ளுக்கும் சாராயத்திற்கும் கடை திறந்தது. 1983இல் மது வாணிகத்திற்கென அரசின் கழகமும் ஏற்பட்டது. ஒரு கையாற் பிள்ளைக்குச் சோறளித்து, மறு கையால் தகப்பன் கூலியை வாங்கிக்கொண்டதென்று குறை கூறினோர்க்குத் தக்க விடை கிடைக்கவில்லை. 1986இல் மேற்சபை ஒழிக்கப்பட்டது. இவர் அரசியல் பழகிய முதற் பள்ளி அதுவே. 1987இல் அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்திற்காக வாரப்பத்திரிகை ஆசிரியர் ஒருவர் சட்டசபையின் ஆணையாற் சிறை சென்றார்; எதிர்ப்பு வலுத்தமையாற் சில நாளில் விடுவிக்கப்பட்டார்.

இவையாவும் நிகழவும் ஜனங்கள் இவரை நேரிற் குறை கூறவில்லை. தவறு வரின் அருகிலுள்ளாரைப் பழித்தனர். தலைவர் அறியார் என்றனர். கீர்த்தியின் ஆபத்து இதுவேயாம். கேள்வி கேட்கப்படாத ஆட்சி, நல்லவர் கையிலிருப்பினும் தளரும்.

கேள்வி கேட்டபோது என்ன நிகழ்ந்ததென்பதற்கும் இச்சரித்திரத்திலேயே சான்றுண்டு. 1979இல், ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்பட்ட வகுப்பினர்க்கு இடஒதுக்கீடு இல்லையென்று உத்தரவிட்டார். எதிர்ப்பு எங்கும் எழுந்தது. 1980 ஜனவரிப் பாராளுமன்றத் தேர்தலில் இவர் கட்சி 39 இடங்களில் இரண்டே பெற்றது. தோல்விக்கு எதிரணியின் கூட்டுறவு முதலிய பிற காரணங்களும் உண்டெனினும், இவர் பாடங் கற்றார். உத்தரவை நீக்கி, பிற்பட்டோர் ஒதுக்கீட்டை நூற்றுக்கு 31இலிருந்து 50 ஆக உயர்த்தினார். அடுத்து மத்திய அரசு இவர் மந்திரிசபையைக் கலைக்க, ஜூன் மாதத்தில் ஜனங்கள் இவரையே மீளவும் அமர்த்தினர். முகம் அதே முகம். ஆறு மாதத்திற்குள் அதனைத் தண்டித்தவரும் மன்னித்தவரும் அதே ஜனங்கள். விழித்திருந்து வாக்களித்தபோது தலைவரும் திருந்தினார் என்க.

1984 அக்டோபரிற் கடும் நோயுற்று, சிகிச்சைக்காக அமெரிக்கா கொண்டு செல்லப்பட்டார். டிசம்பரில் தேர்தல் வந்தது. அவர் நியூயார்க் நகரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்; அங்கு எடுத்த படம் ஊர்தோறும் காட்டப்பட்டது; ஆண்டிப்பட்டித் தொகுதியிற் காலடி வையாமலே வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி மூன்றாம் முறை பதவியேற்றார். பேச்சுத் தளர்ந்தது, உடல் நலிந்தது, எனினும் அடுத்துப் பொறுப்பேற்பவர் யாரென்று குறித்தாரில்லை. 1987 டிசம்பர் 24ஆம் நாள் தேகவியோகமானார். நாடு அழுதது, துயர் தாங்காது தம் உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். கட்சி இரண்டாகப் பிரிந்தது. அவர் மனைவியார் ஜானகியம்மையார் ஏற்ற மந்திரிசபை ஒரு மாதமும் நிலைக்கவில்லை. ஒருவர் முகத்தின்மேற் கட்டிய வீட்டிற்கு இரண்டாந் தூண் இல்லாமையே காரணம்.

இவரைப் போன்றார் பிறரையும் சிறிது நோக்குவோம். அமெரிக்காவில் நடிகர் ரீகன், 1947இலேயே நடிகர் சங்கத் தலைவராய்ப் பழகி, 1967 முதல் எட்டாண்டு கலிபோர்னியாவின் கவர்னராயிருந்து, 1981இல் ஜனாதிபதியாயினார். ஆந்திரத்தில் என். டி. ராமராவ் 1982 மார்ச்சிற் கட்சி தொடங்கிப் பத்தாம் மாதத்தில் முதன்மந்திரியாயினார். 1995இல் தம் கட்சியினராலேயே பதவியிழந்தார். நடிப்பில் நிகரற்றவராய்ப் போற்றப்பட்ட சிவாஜி கணேசனார் 1988இற் கட்சி கண்டு, 1989இல் திருவையாற்றிற் தோற்றார். ஆகவே கீர்த்தி வெற்றிக்கும் உறுதியன்று. வெற்றி நிலைத்த ஆட்சிக்கும் உறுதியன்று.

ஆயின் நம் இளைஞர்க்கு விடை யாது? நடிகர் ஆளலாகாது என்பது நியாயமன்று. நெசவாளர், வக்கீல், உழவர் எவர்க்கும் உள்ள உரிமை அவர்க்கும் உண்டு. ஆனால் நடிகர் என்பதனாற் கேள்வியின்றி ஏற்பதும் நியாயமன்று. இராமச்சந்திரனார் சரித்திரமே மூன்று கேள்விகளை நமக்குத் தருகின்றது. வந்து நிற்பவர் பொதுப்பணியில் எத்தனை ஆண்டு பழகியவர்? பிறரிடம் கேட்கும் கணக்கைத் தாமும் காட்டுவாரா? தம்மை இடித்துரைப்பாரையும் தமக்குப்பின் பொறுப்பேற்பாரையும் அருகில் வைத்துள்ளாரா? முதற் கேள்விக்கு இவர் நன்கு விடையளித்தார். இரண்டாவது கேள்வியைத் தாமே எழுப்பியவராயினார். மூன்றாவதிற் தவறினார்; அதன் விலையை அவர் கட்சி செலுத்திற்று.

இம்மூன்று கேள்விகளையும் நம்மவர் என்று வந்து நிற்பாரிடமும் கேட்டல் வேண்டும். முகத்தை நோக்கி மயங்குதலும் பிறப்பை நோக்கி மயங்குதலும் ஒரு நோயின் இரு குறிகளே. குணமும் குற்றமும் ஆராய்ந்து மிகுதியானதைக் கொண்டு தெளிக என வள்ளுவர் தெரிந்து தெளிதலில் வகுத்த முறை, உறவினர்க்கு ஒன்று, அயலார்க்கு ஒன்று, நடிகர்க்கு ஒன்று என வகுத்ததன்று. ஆதலின் வருந் தேர்தல்களில் இன்னார்க்கு வாக்களியுங்கள் என்று நம் சங்கம் சுற்றறிக்கை விடாது, இக்கேள்விகளை மட்டும் அங்கத்தினர் வீடுகட்கு அனுப்புதல் நலம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். நிர்வாக சபையார் இதனை ஆலோசிப்பாராக.

இராமாவரம் தோட்டத்தில் இன்று, அவர் எழுதிவைத்த உயிலின்படி, செவிப்புலனும் பேச்சும் குறைந்த பிள்ளைகட்கு இல்லமும் பள்ளியும் அமைந்துள்ளன. சுவரில் ஒட்டிய படங்கள் மழையிற் கரைந்தன. அப்பிள்ளைகள் கற்கும் கல்வி கரையாது. அச்சாலை வழியே செல்லும் நம் மக்கட்குப் பெற்றோர் அவ்விடத்தைக் காட்டும்போது, அவர் நடித்த படங்களோடு அவர் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் எடுத்துச் சொல்வார்களாக.