பிடி அரிசியில் எழுந்த பள்ளி

விருதுநகரில் அந்நாளில் ஒரு வழக்கம். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அந்த அரிசி திரண்டு ஒரு பள்ளிக்கூடத்தை நடத்திற்று. சத்திரிய வித்தியாசாலை என்பது அதன் பெயர். 1903 ஜூலை 15-ல் பிறந்து, இளம் வயதிலேயே தந்தையை இழந்த காமராசர் அங்கே படித்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் துணிக்கடை அழைத்தது. பின் நாட்டு விடுதலை அழைத்தது. சிறைச்சாலை ஆண்டுகளை விழுங்கியது.

படிக்க முடியாமற்போன அவர் 1954 ஏப்ரல் 13-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானார். அரை நேரம் பள்ளி, அரை நேரம் அப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி ஆட்சி கொண்டுவந்த திட்டத்தை அடுத்த மாதமே குழிதோண்டிப் புதைத்தார். பள்ளியில்லாத ஊர்களுக்குப் பள்ளி போயிற்று. கல்வித்துறையில் நெ.து. சுந்தரவடிவேலு துணைநின்றார். பணமெங்கே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பசித்த வயிற்றோடு பாடம் ஏறாதென்று 1956-ல் மதிய உணவு பிறந்தது. சர்க்கார் ஒரு பங்கு, ஊரார் ஒரு பங்கு. விருதுநகர்ப் பிடி அரிசி நாட்டுக்கே உலையாயிற்று!

அதே காலத்தில், 1955-ல், அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் மில்டன் ஃப்ரீட்மன் வேறு வழி காட்டினார். சர்க்கார் பள்ளி நடத்தத் தேவையில்லை. பெற்றோர் கையில் சீட்டுக் கொடுத்தால் போதும். பள்ளியை அவர்களே தேடிக்கொள்வார்கள் என்றார். அதுதான் வவுச்சர். அதற்கு வக்காலத்து வாங்குவோர் இன்று இங்கும் உண்டு.

தொட்டியத்துக் காவிரிக் கரையில் வாழைத்தார் சுமக்கும் தோழர் எங்கே போய்த் தேடுவார்? அவர் கைச்சீட்டை நம்பி எந்த முதலாளி சிற்றூரில் பள்ளி கட்டுவான்? திருச்சியில் இடம் கிடைத்தாலும், வண்டிச் செலவுக்கும் சீட்டுக்கு மேற்பட்ட கட்டணத்துக்கும் அவர் கூலி காணுமா?

சிலி நாடு 1981-ல் இதைச் செய்து பார்த்தது. பள்ளிகள் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன, மேற்கட்டணம் வாங்கின. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். அவற்றை ஒழிக்க 2015-ல் சட்டம் வேண்டியதாயிற்று.

நம் நாட்டில், 2009 கல்வியுரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நாலிலொரு பங்கு இடங்களுக்குச் சர்க்கார் பணம் தருகிறது. டில்லி நிதியை நிறுத்தியதால் 2025-ல் தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை மாதக்கணக்கில் முடங்கிற்று. அரசுப் பள்ளியின் கதவோ ஜூனில் திறந்தது.

அரசுப் பள்ளியில் குறையே இல்லையா? உண்டு. ஆசிரியர் போதாத பள்ளி உண்டு. கட்டடம் பழுதான பள்ளி உண்டு. கூரை ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டும்; குடியிருப்போரை வெளியேற்றுவது வைத்தியமாகுமா?

ஒவ்வொரு வீடும் தன் பிடி அரிசியைத் திருப்பி வாங்கிக்கொண்டால், வீட்டுக்கு ஒரு கவளம் மிஞ்சும், பள்ளி மிஞ்சாது. 1975 அக்டோபர் 2-ல் மறைந்த காமராசர் தமக்கென்று செல்வம் சேர்க்கவில்லை. அவர் நமக்கு விட்டுப்போன சொத்து ஊர்தோறும் நிற்கும் பள்ளிக்கூடம். தோழர்களே! கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் எழுந்து கேளுங்கள். பொதுப்பணம் பொதுப்பள்ளிக்கே!