கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மன்னர்

உலகம் எங்கும் கிட்டார்களில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டு இருக்கிறது. ஆனால், அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதற்குச் சுருதி கூட்டவும் தெரியாது!

அவர்தான் லியோ பெண்டர். அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தவர்.

1950-ம் ஆண்டுகளில் அவருடைய பட்டறையில் பிறந்த ஓசையை இளைஞர்கள் இன்றும் தேடுகிறார்கள். புதுக் கிட்டார் வாங்குகிறார்கள். அதற்குள் இருக்கும் உறுப்பைக் கழற்றி விடுகிறார்கள். பெண்டர் காலத்து மாதிரியில் செய்த உறுப்பை அந்த இடத்தில் பொருத்துகிறார்கள்.

அப்படி அந்த ஓசையில் என்ன இருக்கிறது? அவருடைய கதையைப் பார்ப்போம்.

ஒரு கண் போனது

கலிபோர்னியா மாநிலத்தில் அனாகைம், புல்லர்ட்டன் என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆரஞ்சுத் தோட்டம். அங்கே 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி லியோ பிறந்தார். பெற்றோர் விவசாயிகள்.

8 வயதில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. இடது கண்ணில் கட்டி. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பதில் கண்ணாடிக் கண் வைத்தார்கள்.

பையன் சோர்ந்து போகவில்லை. 14-வது வயதில் அவருடைய மாமா ஒரு பெட்டியை அனுப்பினார். பெட்டி நிறையப் பழைய மோட்டார் ரேடியோ சாமான்கள். ஒரு பேட்டரியும் இருந்தது. மற்றவர்களுக்கு அது குப்பை. லியோவுக்கு அது புதையல்! அன்று பிடித்த ரேடியோப் பைத்தியம் கடைசிவரை விடவில்லை.

கல்லூரியில் அவர் படித்தது கணக்கு வேலை. மின்சார வித்தையைத் தாமாகவே கற்றுக்கொண்டார். கணக்கர் வேலையும் கிடைத்தது. 1934-ல் எஸ்தர் என்ற பெண்ணை மணந்தார். அந்த நேரத்தில் நாடு எங்கும் பணமுடை. வேலை போயிற்று.

லியோ 600 டாலர் கடன் வாங்கினார். 1938-ல் புல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார்.

வாடகைக்குப் போன கிட்டார்

கடைக்குப் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வருவார்கள். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்பார்கள். கிட்டார் சத்தம் சரியில்லை என்பார்கள். லியோ பொறுமையாகக் கேட்பார்.

மின்சாரக் கிட்டார் 1930-ம் ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. ஆனால், பெரும்பாலும் உள்ளே குடைந்த பெட்டி போன்ற உடம்பு. சத்தத்தைக் கூட்டினால் பெட்டி அதிரும், கிட்டார் ஊளையிடும்.

லியோவும் அவருடைய கூட்டாளி டாக் காப்மனும் ஒரு புதுக் கருவி செய்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கனத்த மரக்கட்டையில் பொருத்தினார்கள். பார்வைக்கு அழகில்லை. ஆனால், ஓசை கணீர் என்று இருந்தது. கச்சேரிக்காரர்கள் அந்தக் கட்டையை வாடகைக்கு எடுத்துப் போகப் போட்டி போட்டார்கள்!

காந்தமும் கம்பியும்

அந்தக் கருவிக்குப் பிக்-அப் என்று பெயர். அது வேலை செய்யும் விதம் எளிது.

லியோ பிறகு தம் கிட்டார்களுக்குச் செய்த பிக்-அப்பில், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு சிறு காந்தம். காந்தங்களைச் சுற்றிலும் செம்புக் கம்பி. தலைமுடியைப் போல மெல்லிய கம்பி. தையல் மெஷினில் பாபினில் நூல் சுற்றுவது போல, அதை ஏறக்குறைய 8 ஆயிரம் சுற்றுச் சுற்றுவார்கள்.

மேலே உருக்குத் தந்தி அதிர்கிறது. காந்தத்தின் சக்தி அலைகிறது. உடனே செம்புக் கம்பியில் சிறு மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தை ஒலிபெருக்கி பெரிய ஓசை ஆக்குகிறது.

இதில் இருப்பது ஒரே கம்பிச்சுருள். அதனால் ஓசை தெளிவாக இருக்கும். மணி அடித்தது போல் இருக்கும். ஒரு குறையும் உண்டு. அக்கம்பக்கத்து மின்சாரக் கம்பிகளின் சலனத்தையும் அது பிடித்துக்கொள்ளும். எப்போதும் "உம்" என்று ஒரு ரீங்காரம் கேட்கும்.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

1950-ல் லியோ கெட்டி மரத்தில் கிட்டார் செய்து விற்பனைக்கு விட்டார். போட்டிக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். படகுத் துடுப்பு என்று கேலி செய்தார்கள். வீட்டில் பணத் தட்டுப்பாடு. எஸ்தர் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்து வாங்கிய சம்பளம் கைகொடுத்தது.

கிட்டாருக்கு பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் தங்களுடைய முரசுக்கு உரியது என்று வேறொரு கம்பெனி சொன்னது. லியோ வழக்காடவில்லை. அச்சடித்த சீட்டுகளை வீணாக்கவும் இல்லை. பெயரை மட்டும் கத்தரித்து விட்டு, மீதிச் சீட்டை ஒட்டினார்! 1951-ல் டெலிகாஸ்டர் என்று புதுப் பெயர் வந்தது. இடையில் பெயர் இல்லாமல் போன கிட்டார்களுக்குத்தான் இப்போது பெரிய விலை.

1954-ல் ஸ்ட்ரேட்டோகாஸ்டர் வந்தது. அதில் 3 பிக்-அப்கள். வாசிப்பவரின் விலாவில் குத்தாதபடி உடம்பை வளைத்துச் செதுக்கினார்கள். படி ஹாலி, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்கள் கையில் அது உலகப் புகழ் பெற்றது.

லியோ எதைச் செய்தாலும் ரிப்பேர்காரரின் கண்ணோடு செய்தார். கிட்டாரின் கழுத்தைப் பசை போட்டு ஒட்டவில்லை; திருகாணியால் முடுக்கினார். ஸ்ட்ரேட்டோகாஸ்டரில் பிக்-அப்களையும் திருகுகளையும் ஒரே தகட்டில் மாட்டினார். தகட்டைக் கழற்றினால் எல்லாம் கையோடு வந்துவிடும்.

இரட்டைச் சுருள்

கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் ரீங்காரத்துக்கு மருந்து கண்டுபிடித்தார். ஒன்றுக்குப் பதில் 2 சுருள்களை எதிர் எதிராக இணைத்தார். ஒன்றின் ரீங்காரத்தை மற்றது அடித்துவிடும். 1955-ல் அதற்கு உரிமை கேட்டு மனுப் போட்டார்.

ரீங்காரம் ஒழிந்தது. ஓசை தடித்தது. ஆனால், அந்த மணி ஓசை மங்கியது. ஆகவே பலர் ரீங்காரத்தைப் பொறுத்துக்கொண்டு ஒற்றைச் சுருளையே விரும்பினார்கள்.

உயிருக்குப் பயந்து விற்றார்

லியோவை நெடுநாளாக ஒரு நோய் வாட்டியது. கிருமிகளால் வந்த நோய். இனிப் பிழைக்க மாட்டோம் என்று அவர் நினைத்தார். 1965-ல் தம் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர்!

விற்ற பிறகு வேறு ஒரு டாக்டர் வைத்தியம் பார்த்தார். நோய் குணமாகிவிட்டது! உயிர் கிடைத்தது. கம்பெனி கையை விட்டுப் போய்விட்டது.

நாளாக ஆகப் புதுக் கிட்டார்களில் பழைய தரம் இல்லை என்று வாசிப்பவர்கள் குறைப்பட்டார்கள். 1965-க்கு முந்திய கிட்டார்களுக்குக் கிராக்கி ஏறியது. 1954-ல் 249 டாலர் 50 சென்டுக்கு விற்ற ஸ்ட்ரேட்டோகாஸ்டரின் விலை இன்று பல பத்தாயிரம் டாலர். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை எப்படி வாங்குவான்?

பிக்-அப் மாற்றும் பழக்கம் அவனுக்குக் கைகொடுத்தது. 1970-ம் ஆண்டுகளில் பிக்-அப்பைத் தனியாகச் செய்து விற்கும் கம்பெனிகள் தோன்றின. தந்தியைத் தளர்த்த வேண்டும். தகட்டைக் கழற்ற வேண்டும். ஈயப்பற்றை உருக்கிப் பழைய பிக்-அப்பின் 2 கம்பிகளை எடுத்துவிட்டு, புதியதைப் பற்றவைக்க வேண்டும். ரிப்பேர்காரர் லியோ அன்று செய்த வசதிதான் இன்று அவனுக்கு வழிவிடுகிறது.

பழைய பிக்-அப்பைப் போலப் புதியதைச் செய்வது சுலபம் அல்ல. கம்பிச் சுற்றின் கணக்கு, காந்தத்தின் பலம் எல்லாம் ஒத்து வர வேண்டும். அந்தக் காலத்தில் கம்பியைக் கையால் பிடித்து நடத்திச் சுற்றினார்கள். கை சுற்றினால் ஒன்று போல் ஒன்று வராது. பெண்டர் தொழிற்சாலையில் 1956-ல் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண்மணி 2013-ல்தான் ஓய்வு பெற்றார். அவர் கையால் சுற்றிய பிக்-அப் வேண்டும் என்று உலகம் எங்கும் கேட்டு வாங்கினார்கள்.

பட்டறையில் கடைசி நாள்

லியோ சும்மா இருந்தாரா? இல்லை. மறுபடியும் கிட்டார் தொழிலில் இறங்கினார். 1979-ல் எஸ்தர் காலமானார். அந்தத் துயரத்திலும் வேலையை விடவில்லை. பழைய நண்பர் ஜார்ஜ் புல்லர்ட்டனுடன் சேர்ந்து "ஜி அண்ட் எல்" என்ற கம்பெனியைத் தொடங்கினார். புல்லர்ட்டனில் அந்தக் கம்பெனி இருந்த சாலைக்கே பெண்டர் பெயர்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அவருடைய பழைய ஓசைக்காக ஊர் உலகம் ஏங்கியது. அவரோ பழைய ஓசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. புது விதக் காந்தம் வைத்துப் புது பிக்-அப் செய்தார். இதுவே தாம் செய்ததில் சிறந்தது என்று நம்பினார்.

நடுக்குவாத நோய் வந்தது. அப்போதும் பட்டறைக்கு வந்தார். இறப்பதற்கு முந்திய நாள் வரை வேலை செய்தார். 1991-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதை லியோ குறையாக நினைக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்களை அழைத்தார். அவர்கள் சொன்ன குறையைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டதைத் திருத்தினார். இன்று ஓர் இளைஞன் கிட்டாரைக் கழற்றிப் பழைய ஓசையைத் தேடுகிறான் என்றால், அவன் தேடுவது அந்தப் பொறுமைசாலியின் உழைப்பைத்தான்!