சோளக்கதிரில் பாடம் படித்த அம்மையார்

ஊதா, சிவப்பு, புள்ளி போட்டது எனப் பல நிற மணிகள் கலந்த மக்காச்சோளக் கதிர்கள் அமெரிக்காவில் உண்டு. அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்று தேடியே வாழ்நாளைக் கழித்தவர் பார்பரா மெக்ளின்டாக் அம்மையார்.

இவர் 1902 ஜூன் 16 அன்று ஹார்ட்ஃபர்ட் நகரில் பிறந்தார். முதலில் வைத்த பெயர் எலினார். இந்தத் துணிச்சலான குழந்தைக்கு அந்த மென்மையான பெயர் பொருந்தாது என்று பெற்றோரே பார்பரா என மாற்றினார்கள். கல்லூரிக்குப் போனால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று தாயார் அஞ்சினார். இந்த அச்சம் நம் ஊருக்கு மட்டுமே உரியது என்று நாங்கள் நினைத்திருந்தோம்! தந்தையார் மகள் பக்கம் நின்றார். 1919-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவே இல்லை. அதற்காக வருந்தியவரும் அல்லர்.

அக்காலத்து அறிஞர்கள் மரபணுக்களை நூலில் கோத்த மணிகளாக எண்ணினார்கள். அவை இடம்விட்டு நகரா. கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் சோளம் பயிரிட்ட அம்மையாரோ, சில துண்டுகள் குரோமோசோமில் ஓரிடம் விட்டு வேறிடம் தாவுவதைக் கண்டார். நிறம் தரும் மரபணுவுக்குள் அப்படி ஒரு துண்டு புகுந்தால் மணி நிறமிழக்கும். மணி வளரும்போது ஏதேனும் ஒரு செல்லில் அத்துண்டு வெளியேறினால், அந்தச் செல்லின் வழிவந்தவை மட்டும் மீண்டும் நிறம் பெறும். அதுவே புள்ளி. முன்னதாக வெளியேறினால் பெரிய புள்ளி, பிந்தினால் சிறியது. ஆகவே மரபணு இருந்தால் மட்டும் போதாது. அதை வேலை செய்யச் சொல்லவும் நிறுத்தவும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார்.

1951-இல் இதை அறிஞர் அவையில் விளக்கினார். பெரும்பாலோருக்கு விளங்கவில்லை, சிலர் நம்பவில்லை. பிறகு அவர் கட்டுரை வெளியிடுவதைக் குறைத்துக்கொண்டார், வயலை மட்டும் விடவில்லை. மெண்டல் துறவியாரின் பட்டாணி ஆராய்ச்சியும் இப்படித்தான் கிடந்தது. அவர் இறந்து 16 ஆண்டுகள் கழிந்தபின், 1900-இல்தான் உலகம் விழித்தது. அம்மையார் அந்த வகையில் பாக்கியசாலி. 1961-இல் ஜாக்கோப், மோனோ என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் பாக்டீரியாவிலும் மரபணுக்களை அடக்கும் ஏற்பாடு உண்டென்று காட்டினார்கள். 1983-இல், 81-ஆம் வயதில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான அப்பரிசை யாருடனும் பங்கிடாமல் பெற்ற முதல் பெண் அவரே. வீட்டில் தொலைபேசி இல்லாததால் வானொலியில்தான் செய்தியை அறிந்தார்! 1992 செப்டம்பர் 2 அன்று காலமானார்.

அவர் எண்ணியது முழுவதும் அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மரபணுக்களை ஏவுபவை பெரும்பாலும் தாவும் துண்டுகள் அல்ல. படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்கள். அவை டி.என்.ஏ.யில் அமர்ந்து, மரபணுவைப் படியெடுக்கத் தூண்டுகின்றன அல்லது தடுக்கின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் டி செல்கள் ஒரு வகை. அவற்றில் சில கிருமியோடு போரிடுகின்றன. ஃபாக்ஸ்பி3 என்னும் காரணி ஆளும் டி செல்களோ மற்றவற்றை அடக்கிவைக்கின்றன. அந்தக் காரணி பழுதான குழந்தைகளுக்கு டி செல்கள் சொந்தக் குடலையும் தோலையும் கணையத்தையுமே தாக்குகின்றன. அந்த மரபணுவைக் கண்டறிந்தோருள் ஒருவரான மேரி பிரங்கோ அம்மையாருக்கு 2025-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இன்னொரு வியப்பும் உண்டு. கிருமிகளை இனங்காண டி செல்கள் தம் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. அதற்குரிய கத்தரிக்கோல் போன்ற புரதம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தாவித் திரிந்த ஒரு துண்டிலிருந்தே வந்தது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.