எண்ணிப் பார்த்த துறவி

இறைவனின் கைவண்ணத்தைக் காணக் காட்டிற்கும் மலைக்கும் செல்லவேண்டும் என்று நாம் நினைப்பதுண்டு. ஆனால் ஆண்டவர் இயேசுவின் உவமைகளில் விதைத்த வயல், புளிப்பு மாவு, வலை, விளக்கு என மனிதரின் கைபட்டவையே மிகுதியாக வருகின்றன. மனிதர் உழைத்த இடத்திலும் படைத்தவரின் ஒழுங்கைக் கண்டவர் அருட்பணியாளர் கிரகோர் மெண்டல்.

இன்றைய செக் குடியரசிலுள்ள ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்தார். 1843இல் பிர்னோ நகரில் அகுஸ்தீன் சபையினரின் தூய தோமையார் மடத்தில் சேர்ந்து, 1847இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நோயாளிகளின் வேதனையைக் கண்டு தாங்க முடியாத மனம் அவருடையது. எனவே ஆசிரியப் பணிக்கு அனுப்பப்பட்டார். ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இருமுறை சென்றும் அவர் தேர்ச்சி பெறவில்லை.

மடத்துத் தோட்டத்தில் அவருக்கிருந்த நிலம் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. அவர் அரிய காட்டுச் செடிகளைத் தேடவில்லை. மக்கள் காலங்காலமாகப் பயிரிட்டு வந்த பட்டாணியில் 34 வகைகளை விதை வணிகர்களிடம் வாங்கினார். அவை கலப்பற்றவையா என்று சோதிக்கவே ஈராண்டுகள் செலவிட்டார். பின்னர் 1856 முதல் 1863 வரை, பூவின் மகரந்தப் பைகள் முதிருமுன் அவற்றை நீக்கி, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தடவி, ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்து ஆராய்ந்தார்.

உருண்டை விதை வகையைச் சுருங்கிய விதை வகையோடு சேர்த்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. சுருக்கம் ஒழிந்தது என்று அவர் முடிவு கட்டிவிடவில்லை. மீண்டும் விதைத்தார். அடுத்த தலைமுறையின் 7,324 விதைகளை எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவில்லை, உள்ளே காத்திருந்தது என்பதை அந்த எண்ணிக்கை காட்டியது.

இதே பொறுமையோடு மடத்துக் கிணற்றின் நீர்மட்டத்தையும், தேன்கூடுகளையும், வானிலைக் கருவிகளையும் கவனித்து வந்தார். 1870இல் பிர்னோவைத் தாக்கிய சுழற்காற்று ஓடுகளை அவரது அறைக்குள்ளேயே வீசியபோதும், அது சுழன்ற திசையைக் குறித்து வைத்தார்.

1865இல் தம் முடிவுகளை அறிவியல் கழகமொன்றில் வாசித்தார். மறு ஆண்டு அவை அச்சேறின. பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1868இல் மடத்தின் தலைவரானார். மடத்தின் மீது விதிக்கப்பட்ட வரியை எதிர்த்துப் போராடுவதில் அவரது கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1884 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று இறைவனடி சேர்ந்தார். 1900இல் மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று அறிஞர்கள் தனித்தனியே அதே உண்மையைக் கண்டபோதுதான், உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அன்புக்குரியவர்களே, நாம் உண்ணும் அரிசியும் கையில் வைத்திருக்கும் கைபேசியும் மனிதர் உருவாக்கியவை. அவற்றை நாள்தோறும் பயன்படுத்துகிறோம், நின்று பார்ப்பதில்லை. நம் பிள்ளைகளிடமும் அப்படியே. ஓராண்டு மதிப்பெண்ணைக் கண்டு, இவனிடம் ஒன்றுமில்லை என்று தீர்ப்பிட்டு விடுகிறோம். நாம் ஊட்டிய விசுவாசம் அவர்களிடம் தென்படவில்லையே என்று சோர்ந்தும் போகிறோம். முதல் அறுவடையோடு மெண்டல் நிறுத்தியிருந்தால் எதையும் கண்டிருக்க மாட்டார். மீண்டும் விதைக்கவும் பொறுமையோடு உற்று நோக்கவும் இறைவனிடம் அருள் வேண்டுவோம்.