வெள்ளுடை வேந்தர் எழுப்பிய வினா

தீபாவளி வந்தால், மிச்சம் பிடித்த கூலிப் பணத்தை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளைக்குச் சட்டை வாங்கப் பாண்டி பஜாரிலே நெருக்கியடித்து நடக்கிறோம். நடக்கும் சாலைக்குப் பெயர் தியாகராயர் சாலை. ஊருக்கே அவர் பெயர்தான். தி.நகர் என்று சுருக்கிவிட்டோம். பெயரைச் சுருக்கலாம், பெயருக்குரியவரை மறக்கலாமா, தோழர்களே?

1852இல் நெசவாளர் குலத்தில் பிறந்தவர் பிட்டி தியாகராயர். வாழ்ந்தது வண்ணாரப்பேட்டைப் பக்கம். பட்டம் பெற்றது மாநிலக் கல்லூரியில். எப்போதும் வெள்ளை உடை. ஆகவே வெள்ளுடை வேந்தர் என்றது நாடு. 1882 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் மாநகராட்சியில் பணியாற்றினார். அதன் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவிட வழி செய்தார்.

மாநகராட்சி மன்றத்தில் அவரும் டாக்டர் நாயரும் மோதிக்கொண்டவர்கள். இருவரையும் இணைத்து வைத்தார் டாக்டர் நடேசனார். 1916இல் பிறந்தது தென்னிந்திய நல உரிமைச் சங்கம். நீதிக்கட்சி என்று நாடறிந்தது அதுவே.

அந்நேரம் வெள்ளையராட்சி புதிய சட்டமன்றம் அமைக்க முனைந்தது. யாருக்கு ஓட்டு, எப்படித் தேர்தல் என்று வகுக்க சவுத்பரோ குழு வந்தது. பார்ப்பனரல்லாதாருக்கு இடம் ஒதுக்குக என்று கட்சி கேட்டது. வாக்காளர் பட்டியலில் நீங்கள்தானே பெரும்பான்மை, ஒதுக்கீடு எதற்கு என்று கைவிரித்தது குழு.

பட்டியலில் பெரும்பான்மை, சரி. மன்றத்தில்? 1916இல் டெல்லி மன்றத் தேர்தலில் நின்ற நாயரே தோற்றாரே! தலையை எண்ணினால் பலர், நாற்காலியை எண்ணினால் சிலர் என்றால், அந்த மன்றம் யாருடைய மன்றம்? தியாகராயரின் போராட்டம் எழுப்பிய வினா இதுதான். 1919இல் நாயர் மறைந்த பின்னும் போராட்டம் ஓயவில்லை. 1920இல் மெஸ்டன் தீர்ப்பு 28 இடங்களை ஒதுக்கியது.

அவ்வாண்டுத் தேர்தலில் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு! ஆட்சி அமைக்க அழைத்தார் ஆளுநர் வில்லிங்டன். பதவி வேண்டாமென்றார் தியாகராயர். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார்.

வெற்றிதான். ஆயினும் அதன் அடித்தளம் அகலமானதா? உண்மையை மறைப்பது நமக்கு அழகல்ல. காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது. சொத்தும் வரியும் உடையோருக்கே ஓட்டு. நாலு கோடி மக்களில் ஓட்டுரிமை சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு. அவர்களிலும் கால்வாசிப் பேரே வாக்களித்தனர். மூட்டை சுமந்தவனுக்கும் ஏர் பிடித்த கூலிக்கும் ஓட்டில்லை. ஆதித்திராவிடருக்குக் கிடைத்தவை தேர்தலில் வென்ற இடங்களல்ல. ஆளுநர் தந்த நியமன இடங்கள். பெண்களுக்கும் வாசல் மூடியிருந்தது. 1921இல் அந்த மன்றமே அதைத் திறந்தது. போலீசும் நிலவரியும் ஆளுநர் பிடியிலேயே இருந்தன. அமைச்சருக்குக் கல்வி, சுகாதாரம் போன்ற துறைகளே.

1925இல் தியாகராயர் கண்மூடினார். கூலிக்காரன் கையில் ஓட்டுச் சீட்டு வந்தது 1951-52 பொதுத் தேர்தலில்தான்.

இன்று அனைவருக்கும் ஓட்டுண்டு. ஆனால் விழும் ஓட்டுக்கும் கிடைக்கும் நாற்காலிக்கும் கணக்குப் பொருந்துகிறதா? நூற்றுக்கு நாற்பது பெற்றவரும், எஞ்சிய அறுபது சிதறினால், வென்றவராகிறார். ஓட்டு வந்ததோடு வேலை முடிந்தது என்று உறங்கலாமா? ஒவ்வொரு தேர்தல் முடிவிலும் இடத்தை மட்டும் எண்ணாதீர், ஓட்டையும் எண்ணுங்கள். தி.நகரில் கால் வைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளுடைக் கிழவரின் வினா நம் நெஞ்சில் எழட்டும்.